மேல் பக்கம் நின்ற சரோஜாக்காவுக்கு

என் சரோஜாக்காவுக்கு, பக்கத்து வீட்டு மல்லிகா எழுதுவது.

உங்களுக்கு வருஷம் திரும்பப் போகிறது. போஸ்டர் அடித்து வரச்சொல்லி உங்கள் வீட்டு அண்ணன் என்னைத்தான் குன்னூருக்கு அனுப்பினார். கடைக்காரர் உங்கள் போட்டோவைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, பின்னால் ஒரு அருவியை ஒட்டி, "இயற்கை எய்தினார்னு போட்டுரலாங்களா?" என்று கேட்டார். போடுங்கள் என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. எனக்குப் பின்னால் ஆட்கள் காத்திருந்ததால் அவராகவே அடித்துக்கொண்டார்.

போஸ்டரில் நாலு வரிக்குத்தான் இடம் இருந்தது. எனக்குச் சொல்ல இருப்பது அதில் அடங்காது, அதனால்தான் இந்தக் கடிதம். நீங்கள் படிக்கப் போவதில்லை என்று எனக்கும் தெரியும். குனிந்து வேலை செய்கிறவர்கள் வேறு யாராவது படித்தால் படிக்கட்டும்.

இங்கே எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. வெயில் முகத்தைப் பார்த்து நாளாகிறது. காலையில் கதவைத் திறந்தால் எதிர் லைன் வீடுகள் தெரிவதில்லை. குழாயடியில் மறுபடியும் காட்டெருமை வந்து படுக்கிறது. அது எழுந்து போகிற வரைக்கும் குடத்தோடு நிற்கிறோம். அண்ணன் டீ போடக் கற்றுக்கொண்டார். சர்க்கரைக்கு மட்டும் இன்னும் கை பழகவில்லை. யாரும் அவரிடம் சொல்வதில்லை, கொடுத்ததைக் குடித்துவிட்டு வருகிறோம்.

நம் எஸ்டேட்டுக்கு மிஷின் வந்தது ஞாபகம் இருக்கிறதா அக்கா? ஆம்பளைகளில் பாதிப் பேர் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் இறங்கிப் போய்விட்டார்கள். இனிமேல் பொம்பளைகளே பிடிக்கட்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான், வேறு யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைச் செடி வரிசைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. நடுவில் செடியின் தலைமேல் நீளக் கத்தி வைத்த மிஷின். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு வரிசையோடு நடக்க வேண்டும். வெட்டுப்பட்ட கொழுந்து பின்னால் தொங்கும் பைக்குள் போய் விழும். அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு மணியண்ணன் வருவார்.

பொம்பளைகளுக்கு மிஷினா என்று சிரித்தவர்கள் வாயை நீங்கள் முதல் நாளே அடைத்தீர்கள். "அரிவாமனைய வெச்சு ஊரையே ஆண்டவங்க நாங்க. இது என்ன, கொஞ்சம் சத்தம் போடுற அரிவாமனை" என்றீர்கள். உங்கள் ஜோடியாக என்னைக் கேட்டு வாங்கினீர்கள். எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

நம் மலையில் சமமான தேயிலைக் காடு எங்கே இருக்கிறது? எல்லாம் சரிவு. வரிசைக்கு மேல் பக்கம் நிற்பவளுக்குக் கால் நன்றாக ஊன்றும். கீழ் பக்கம் வழுக்கும். மழைத்தண்ணீர் ஓடுகிற கான் கீழ் பக்கம், அட்டைக்கடியும் கீழ் பக்கம்தான் அதிகம். அதனால் மூத்தவளுக்கு மேல் பக்கம், இளையவளுக்குக் கீழ் பக்கம். யாரும் போட்ட சட்டம் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பெரியவர்களை முதலில் உட்கார வைப்பதைப் போல அதுவாக வந்த பழக்கம். ஒரு தடவை புதிதாக வந்த ஒருத்தி தெரியாமல் மேல் பக்கம் போய் நின்றுவிட்டாள். "பெரியவங்கள கான்ல எறக்கி வுட்டுட்டு நீ மேட்டுல நிப்பியா அம்முணி?" என்று மொத்தக் காடும் அவளைப் பிடித்துக்கொண்டது.

நீங்கள் மூத்தவர், மேலே நின்றீர்கள். நான் கீழே நின்றேன். நீங்கள் நம் லைனிலேயே நெட்டை, வாசல் நிலையில் தலை இடிக்காமல் நீங்கள் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை. நான் குட்டை, என்னை அரைப்படி என்றுதான் கூப்பிடுவீர்கள். நெட்டையும் குட்டையுமாக நம் ஜோடியைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்தார்களே தவிர, நின்று பார்த்தவர்கள் யாரும் இல்லை.

உங்களுக்கு முதலில் சாயங்காலம் மட்டும் வலித்தது. குளிரில் பிடித்திருக்கும் என்றீர்கள். செடியின் ஈரம் படாமல் இருக்க நாம் இடுப்பில் சுற்றுகிற பிளாஸ்டிக் சீட்டை இன்னும் இறுக்கிக் கட்டினீர்கள். "கவுத்த நல்லா இழு மல்லிகா, இடுப்பு நிக்கணும்" என்பீர்கள். நான் முழங்காலை உங்கள் முதுகுக்குக் கொடுத்துக் கயிற்றை இழுப்பேன். கயிறு இடுப்பைத் தாங்கும் என்று நாம் எல்லோரும் நம்பினோம். இப்போதும் காட்டில் பாதிப் பேர் அப்படித்தான் கட்டிக்கொண்டு போகிறார்கள்.

அப்புறம் ஒரு ஐப்பசி மழையில் கொழுந்து மூட்டையை லாரிக்குத் தூக்கும்போது பிடித்துக்கொண்டது. மூட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, கால் நின்ற இடத்தில் நிற்க, உடம்பை மட்டும் திருப்பினீர்கள். அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். நான்கு பேராகச் சேர்ந்து வீட்டுக்குத் தூக்கி வந்தோம்.

ஒரு மாசம் உங்களை அசைய விடவில்லை. கஞ்சியைக் கட்டிலுக்கே கொண்டுவந்தோம். தலையைக் கட்டிலிலேயே சீவி விட்டோம். நீங்கள் எழுந்து வாசல் வரைக்கும் போனால்கூட, "படுங்கக்கா, எலும்பு ஒட்ட வேண்டாமா" என்று பிடித்துப் படுக்க வைத்தோம். எந்த எலும்பு உடைந்திருந்தது, எது ஒட்டுவதற்கு? கடைசியில் நீங்கள் எழுந்தபோது பச்சைப் பிள்ளை மாதிரி சுவரைப் பிடித்து நடந்தீர்கள். வலி போகவில்லை, கூடவே காலில் இருந்த தெம்பும் போயிருந்தது. எங்கள் பாசத்தை எல்லாம் உங்கள் மேல் அள்ளிக் கொட்டினோம், அது உங்களுக்கு எந்த நல்லதையும் செய்யவில்லை.

அதற்கப்புறம்தான் மாத்திரை. மெடிக்கலில் சீட்டுக் கேட்காமல் கொடுத்தார்கள். ஸ்வெட்டர் பாக்கெட்டில் அட்டையாகவே வைத்திருப்பீர்கள். பத்து மணி டீக்கு ஒன்று, மத்தியானம் ஒன்று, வலி கூடினால் இன்னொன்று. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு எல்லாம், "இந்தா, வாயில போடு, பறந்து போயிரும்" என்று மிட்டாய் மாதிரி நீட்டுவீர்கள். எனக்கும் கொடுத்தீர்கள். வயிற்றைப் புரட்டியதால் நான் விட்டுவிட்டேன். நான் தப்பித்ததற்குக் காரணம் என் புத்தி இல்லை அக்கா, என் வயிறு.

கால் வீங்கியது. முகம் வீங்கியது. கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், "எத்தன வருசமாம்மா வலி மாத்திரை சாப்புடுறீங்க?" என்று கேட்டார். நீங்கள் கொஞ்சம்கூட யோசிக்காமல், "டீ குடிக்கறப்ப மட்டுந்தாங்க" என்றீர்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஏற்கெனவே இருந்த பிரஷரும் இந்த மாத்திரையும் சேர்ந்து இரண்டு கிட்னியையும் முடித்துவிட்டன என்று வெளியே வைத்து அண்ணனிடம் சொன்னார்.

டயாலிசிசுக்கு மலை இறங்கி ஏறின அந்த நாட்களை நான் எழுதப் போவதில்லை. பஸ்ஸில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் நீங்கள் என் கையைப் பிடித்த பிடி இன்னும் என் கையில் இருக்கிறது. ஒருநாள் பர்லியார் தாண்டும்போது, "கிட்னி போனதுகூடப் பரவால்ல மல்லிகா, இந்த முதுகு இன்னும் வலிக்குது பாரு" என்றீர்கள்.

நீங்கள் போனதும் உங்கள் வேலையை எஸ்டேட்டில் உங்கள் மகள் ரேவதிக்குக் கொடுத்தார்கள். டவுனில் ஜவுளிக்கடையில் நின்றுகொண்டிருந்த பெண் அம்மாவுடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு காட்டுக்கு வந்தாள். முதல் நாள், மூத்தவள் என்று எல்லோரும் எனக்கு மேல் பக்கத்தைக் காட்டினார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். "அது எங்கக்கா நின்ன எடம், அவ புள்ள நிக்கட்டும்" என்று அவளை மேலே ஏற்றிவிட்டுக் கீழே போய் நின்றேன். காட்டில் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரேவதி என் காலைத் தொட வந்தாள். நல்ல காரியம் செய்துவிட்டதாக எனக்கு ஒரே நிறைவு.

ரேவதியின் உயரம் உங்களுக்குத் தெரியும். உங்கள் அச்சு.

இந்தச் சித்திரையில் எனக்கும் பிடித்துக்கொண்டது. தோளில் ஆரம்பித்து இடுப்பு வரைக்கும். உங்கள் கதையைப் பார்த்த பயத்தில் மெடிக்கலுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பிசியோதெரபி பார்க்கிற பொண்ணு, ஈரோட்டுப் பக்கம், நல்ல வளர்த்தி. எங்கே வலிக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னாள். விரல் பத்தாதுங்க என்றேன்.

சிரித்துவிட்டு, "வலி கொறையறதுக்கு நான் வழி சொல்றனுங்க. ஆனா நீங்க பகல் முழுக்க எப்படி நிக்கறீங்க, எப்படிக் குனியறீங்கன்னு தெரியாம, அது திரும்பி வராம இருக்க வழி சொல்ல முடியாதுங்க" என்றாள். சொன்னால் புரியவில்லை. தரை துடைக்கிற மாப்புக் கம்பை எடுத்து ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறு முனையை அவள் பிடித்துக்கொண்டாள். "உங்க காடு சரிவுங்களே" என்று, கட்டிலில் ஏறுவதற்குப் போட்டிருந்த படிமேல் ஏறி நின்றாள். நான் என் வழக்கப்படி கையைத் தோள் வரைக்கும் தூக்கி, இடுப்பைப் பின்னால் நெளித்து நின்றேன். அவளுக்குக் கம்பு தொடை உயரத்தில் இருந்தது. முதுகை வளைத்துக் குனிந்தாள்.

குனிந்தவள் அப்படியே நின்று, "ஏனுங்கக்கா, உங்க ஜோடி உங்கள விட ஒசரங்களா?" என்றாள்.

"ஆமாங்க. ஒரு சாண் ஒசரம்."

"அப்பறம் எப்படிங்க அவங்க மேல நிக்கறாங்க? ஒசரமானவங்க கீழயும் நீங்க மேலயும் நின்னா ரெண்டு பேரும் நிமிந்தே புடிக்கலாமே."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். இடம் மாறி நின்றும் காட்டினாள். நான் படியில் ஏறினேன், அவள் தரையில் நின்றாள். கம்பு இரண்டு பேருக்கும் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ரொம்ப வலிக்குதுங்களா என்று பதறிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ஆமாங்க என்று மட்டும் சொன்னேன். வேறு என்ன சொல்வது? மரியாதை என்று நினைத்து உங்களை மேட்டில் நிறுத்தி, வருஷக்கணக்காக வளைய வைத்தோம் என்று, முன்பின் தெரியாத பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

அவள் நிறைய சொன்னாள். எல்லாம் சின்னச் சின்ன விஷயம். கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது, இவ்வளவுதானா, இதற்கா ஒரு உயிர் என்று. குனிவதாக இருந்தால் முதுகைச் சுருட்டாமல், முட்டியை மடக்கி, தொடையும் இடுப்பும் சேருகிற இடத்தில் மடங்க வேண்டுமாம். மூட்டையை நெஞ்சோடு ஒட்டித் தூக்கி, திரும்புவதென்றால் உடம்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டுமாம். கனமாக இருந்தால் கௌரவம் பார்க்காமல் இன்னொரு ஆளைக் கூப்பிட வேண்டுமாம். "எப்படி நின்னாலும் ரொம்ப நேரம் ஒரே மாதிரி நிக்காதீங்க. அதாங்க முக்கியம்" என்றாள். வலி வந்தால் இரண்டொரு நாளுக்கு மேல் படுக்காமல், முடிந்த அளவுக்கு நடமாடினால்தான் சீக்கிரம் தேறும் என்றாள். நான் கட்டிலுக்குக் கொண்டுவந்த கஞ்சி எல்லாம் அப்போது என் கண் முன்னால் வந்தது. கால் மரத்துப் போனாலோ, ஒன்றுக்குப் போவதில் சிரமம் தெரிந்தாலோ மட்டும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஓடி வரச் சொன்னாள். மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். டாக்டர் சொல்லாமல் ஒன்றுகூட வேண்டாம் என்றாள்.

இப்போது நான் வரிசை முடிகிற இடத்தில் எல்லாம் மிஷினை இறக்கி வைத்து, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, கொஞ்சம் பின்னால் சாய்ந்து நிமிர்கிறேன். சூப்பர்வைசர் முதல் நாள், "என்னங்க மல்லிகாக்கா, மேல பாத்து வேண்டுதலுங்களா?" என்றார். குழாயடியில் ஒரே இடுப்பில் பெரிய குடமாக வைப்பதை விட்டுவிட்டு, இரண்டு கையிலும் சின்னச் சின்ன வாளியாகத் தூக்கிப் போகிறேன். ஒரே நடையில் முடிந்த வேலைக்கு இரண்டு நடை ஆகிறது. சோம்பேறி என்றார்கள். டீ நேரத்தில் கல்லில் கூனிக்கொண்டு உட்காராமல் காலாற நடக்கிறேன். "மல்லிகா மாடல் அழகி ஆயிட்டா" என்கிறார்கள். ஆகிவிட்டுப் போகிறேன். காலையில் படுக்கையில் இருந்து வெடுக்கென்று எழாமல், ஒருக்களித்துத் திரும்பிக் கையை ஊன்றி எழுகிறேன். வலி முழுசாகப் போகவில்லை, பாதி குறைந்திருக்கிறது. உங்களைக் கிண்டல் செய்ய இப்படி ஒரு வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்கவே இல்லையே என்றுதான் தினம் நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த மறுநாளே நான் ரேவதியிடம், "நீ கீழ நில்லு கண்ணு, நான் மேல நிக்கறேன்" என்றேன்.

"ஏன் சித்தி? நான் சரியாப் புடிக்கலையா?"

"அது இல்ல சாமி. நீ ஒசரம், நான் கட்டை. மேல நின்னா நீ குனிஞ்சே சாகணும்."

சாகணும் என்ற வார்த்தை வாயில் வந்திருக்கக் கூடாது. அதற்குள் மணியண்ணன், "வுடு ரேவதி, மல்லிகாவுக்கு இப்பத்தான் மூப்பு வந்திருக்குது" என்று சிரித்தார். பக்கத்து வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ரேவதி சிரிக்கவில்லை.

"நீங்களேதானே குடுத்தீங்க. எங்கம்மா எடத்தக் குடுத்துட்டு இப்பப் புடுங்கிக்கறீங்களா?" என்றாள்.

எத்தனை விளக்கினாலும் அவளுக்கு ஏறவில்லை. அம்மா நின்ற அந்தக் கால் அகல இடம்தான் அவளுக்கு மிச்சம் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த நாள் சூப்பர்வைசரிடம் சொல்லி வேறு ஜோடி மாற்றிக்கொண்டாள். அங்கேயும் மேல் பக்கம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினாளாம், அம்மா பேரைச் சொல்லி. நான் அவரிடம் போய் முறையிட்டேன். "ஜோடிய நீங்களே பேசிக்கங்க. எனக்குக் காடு முடியணும், அவ்வளவுதான்" என்றார். குழாயடியில் பேச்சு வேறு மாதிரி போனது. சரோஜா கண்ணை மூடினதும் மல்லிகா மேட்டுக்கு ஆசைப்படுகிறாள் என்று.

சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் பக்கத்துக் காட்டில் ரேவதி குனிந்து நடப்பதைத் தினமும் பார்க்க வேண்டியிருந்தது. மதிய நேரத்தில் இடுப்பில் கையை வைக்க ஆரம்பித்தாள். உங்களைப் போலவே வலது கை. ஒருநாள் பத்து மணி டீக்கு அவள் ஸ்வெட்டர் பாக்கெட்டில் கையை விட்டதைப் பார்த்தேன். என்ன எடுத்தாள் என்று தெரிந்துகொள்ள நான் பக்கத்தில் போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். ரேவதி பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. அண்ணனும் எழுந்து உள்ளே போய்விட்டார். கொடியில் தொங்கிய ஸ்வெட்டர் பாக்கெட்டில் கையை விட்டு மாத்திரை அட்டையை எடுத்து அவள் முன்னால் துவைக்கிற கல்லில் வைத்தேன்.

"அந்த எடம் எனக்கு வேண்டாம்டி. ரோட்டுல போறவங்க யாருக்கு வேணா குடு. குட்டையா ஒருத்தியப் பாத்துக் குடு. நீ மட்டும் அங்க நிக்காத" என்றேன். ஆஸ்பத்திரியில் அந்தப் பொண்ணு சொன்னதை முழுசும் சொன்னேன். பக்கத்தில் கிடந்த துணி காயப்போடுகிற கொம்பை எடுத்துக் கொடுத்து, அவளைத் துவைக்கிற கல்மேல் ஏற்றி, பிடிக்க வைத்தேன். அப்புறம் அவளைக் கீழே இறக்கி நான் கல்மேல் ஏறிக் காட்டினேன். அவள் கொம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொம்பில் இருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். "எங்கம்மாவும் நீங்களும் இப்படி மாறி நின்னிருந்தா எங்கம்மா இருந்திருப்பாங்களா சித்தி?"

அக்கா, இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் இத்தனை நாள் அவளிடம் உட்கார்ந்து பேசாமல் தள்ளிப்போட்டேன். பொய் சொல்லலாம் என்று வந்தது. உங்கம்மாவுக்கு விதி அவ்வளவுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு பேருக்கும் லேசாகிவிடும்.

"தெரியலடி" என்றேன். "இத்தன வலி வந்திருக்காது. வலி இல்லேன்னா அத்தன மாத்திரை இல்ல. அதுக்கு மேல எனக்குத் தெரியல."

அவள் கத்துவாள், என்னை அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவளோ நனைந்த துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கல்மேல் இருந்து இறங்கி வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை பனி இறங்கிக் கிடந்தது. பத்தடிக்கு அந்தப் பக்கம் ஆள் தெரியவில்லை. நான் புது ஜோடிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். பனிக்குள்ளிருந்து ரேவதி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, பேசவில்லை. என்னைத் தாண்டி, செடி வரிசையைச் சுற்றிக்கொண்டு, கானில் கால் வைத்துக் கீழ் பக்கம் இறங்கி நின்றாள். மணியண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். நான் மேலே ஏறினேன்.

மிஷின் கிளம்பியது. நிமிர்ந்து பிடித்தேன். எதிரே அவளும் நிமிர்ந்து பிடித்திருந்தாள். அவள் முகம் எனக்கு நேர் எதிரே இருந்தது. கண் வீங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு, கன்னத்தில் பனி வழிய. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அத்தனை வருஷம் நாம் ஒரே மிஷினின் இரண்டு முனையைப் பிடித்தோம். வேலை நேரத்தில் ஒருநாள்கூட உங்கள் முகத்தை நான் பார்த்ததில்லை அக்கா. குனிந்த தலையும் அதில் கட்டிய துண்டும்தான் எனக்குத் தெரிந்தன. வலியில் உங்கள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது. கையெட்டும் தூரத்தில் நின்றேன்.

ரேவதி இன்னும் என்னோடு பேசவில்லை. இனிமேல் பேசுவாளா என்றும் தெரியவில்லை. அவள் பேசாவிட்டாலும், ஊர் என்ன சொன்னாலும், எனக்கு உடம்பில் தெம்பு இருக்கிற வரைக்கும் மேல் பக்கம் நான்தான் நிற்பேன். உங்கள் மகளின் முகத்தைத் தினமும் பார்ப்பேன். அதில் வலி தெரிந்தால் அந்த நிமிஷமே மிஷினை நிறுத்துவேன்.

கூடப் பிறக்காத தங்கை,
மல்லிகா